குழாய் வந்துவிட்டது, எந்தத் தண்ணீர் வருகிறது?

தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கத்து ஊர் ஒன்றில், மார்ச் மாத வெயிலில், ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். குடிநீர், சுகாதாரத் திட்டங்கள் சொன்ன பலனைத் தந்தனவா என்று ஊர் ஊராகப் போய்ப் பார்த்து எழுதுவது என் வேலை. வீட்டில் குழாய் இணைப்பு உண்டா? உண்டு. தண்ணீர் வருகிறதா? வருகிறது. தினமும்? தினமும். மூன்று கட்டத்திலும் டிக் போட்டுவிட்டு எழுந்தேன். அந்த வீட்டுக்கார அக்கா சொன்னார்: "தண்ணி வருதான்னு கேட்டீங்க சார். எந்தத் தண்ணி வருதுன்னு கேக்கவே இல்லையே?"

அந்த ஊருக்கு இரண்டு தண்ணீர். ஒன்று காவிரித் தண்ணி, இன்னொன்று போர் தண்ணி. இரண்டும் ஒரே மேல்நிலைத் தொட்டியில் ஏறி ஒரே குழாயில்தான் இறங்கும். காவிரி முழுசாக வருகிற நாளில் பிரச்சினை இல்லை. வரத்து குறைகிற நாளில், குழாய் எங்காவது உடைகிற நாளில், தொட்டி நிரம்புவதற்காக டேங்க் ஆபரேட்டர் போர் மோட்டாரைப் போடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. தொட்டி காலியாக இருந்தால் ஊரே அவரைத்தான் பிடித்துக் கேட்கும்.

பையிலிருந்த சோதனைப் பெட்டியை எடுத்து, அந்தக் குழாய்த் தண்ணீரைக் குப்பியில் பிடித்து மருந்தை விட்டேன். இளஞ்சிவப்பாக நின்றால் ஃபுளோரைடு குறைவு. மஞ்சள் பக்கம் போகப் போக அதிகம். மஞ்சளாகத்தான் போனது. வண்ண அட்டையோடு வைத்துப் பார்த்தால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவு. நம் நாட்டுக் குடிநீர்த் தரவிதி, ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கிறது. வேறு நீராதாரமே இல்லையென்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்கிறது. என் படிவத்தில் அந்த வீடு ஏற்கெனவே 'நிறைவு' ஆகியிருந்தது.

தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஃபுளோரைடு பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இந்தப் பகுதியின் கடினப் பாறைகளில் ஃபுளோரைடு உள்ள கனிமங்கள் கலந்திருக்கின்றன. பாறை இடுக்கில் தண்ணீர் எத்தனை காலம் கிடக்கிறதோ அத்தனைக்கு அது கரைந்து இறங்கும். கிணறு வற்றி, போர் போட்டு, அந்தப் போரும் வற்றி இன்னும் ஆழமாகப் போட்ட ஊர்கள் இவை. நிறமில்லை, வாடையில்லை, நாக்குக்கும் தெரியாது. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையும், ஃபுளோரைடு அப்படியே நிற்கும் என்பதால் அளவு கூடத்தான் செய்யும். நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில், அதாவது பிறந்ததிலிருந்து ஏறக்குறைய எட்டு வயதுவரை, இந்தத் தண்ணீரைக் குடிக்கும் பிள்ளைக்குப் பல்லில் பழுப்புக் கறை விழும். தேய்த்தால் போகிற கறை இல்லை அது. மிக அதிக அளவில் பல ஆண்டுகள் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். இங்கே பள்ளிக்கூடங்களில் குழுப்படம் எடுக்கும்போது வாயை மூடிக்கொண்டு சிரிக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த அக்காவின் மூத்த மகளும் அப்படித்தான் சிரித்தாள்.

இதற்காகத்தான் காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஜப்பானியக் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்பது உண்டு. ஃபுளோரைடால் பல்லுக்கும் எலும்புக்கும் வரும் அந்தக் கேட்டின் பெயர்தான் ஃபுளோரோசிஸ். இந்த மாவட்டங்களுக்கு வந்த நல்ல காரியங்களில் அதை முதல் வரிசையில் வைப்பேன். ஆனால் ஃபுளோரோசிஸைத் தணிக்க வந்த திட்டம் பலன் தந்ததா என்று பார்க்க, எத்தனை கிலோமீட்டர் குழாய் பதித்தோம், எத்தனை வீட்டுக்கு இணைப்பு கொடுத்தோம் என்று எண்ணினால் போதுமா? குழாயில் இறங்கும் தண்ணீரில் ஃபுளோரைடு எவ்வளவு என்பதையும், பிள்ளைகளின் பல்லையும் அல்லவா பார்க்க வேண்டும்?

உலக அளவிலேயே இந்தத் தவறு நடந்து, பிறகு திருத்தப்பட்டிருக்கிறது. 2015 வரை நடப்பில் இருந்த ஐ.நா.வின் புத்தாயிர வளர்ச்சி இலக்குகளில், பாதுகாப்பான குடிநீர் கிடைக்காதவர்களின் விகிதத்தை 1990-இல் இருந்ததில் பாதியாக்க வேண்டும் என்று ஒன்று இருந்தது. 2010-லேயே அதை எட்டிவிட்டோம் என்று 2012-இல் ஐ.நா. அமைப்புகள் அறிவித்தன. மீதி 78.3 கோடிப் பேர்தான் என்றார்கள். அவர்கள் அளந்தது 'மேம்பட்ட நீராதாரம்'. குழாய், ஆழ்துளைக் கிணறு, மூடிய கிணறு எல்லாம் அந்தக் கணக்கில் மேம்பட்டவைதான். உள்ளே இருக்கும் தண்ணீரின் தரத்தை அந்தக் கணக்கு பார்க்கவில்லை. லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஃபுளோரைடு தரும் தருமபுரி கைப்பம்பும், ஆர்செனிக் கலந்த வங்கதேசத்துக் குழாய்க் கிணறும் அந்தக் கணக்கில் தேறிவிடும்.

2015 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபை 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளை ஏற்றபோது கேள்வி மாறியது. ஆறாவது இலக்கின் முதல் குறியீடு இப்போது மூன்று விஷயங்களைக் கேட்கிறது. நீராதாரம் வீட்டு வளாகத்துக்குள் இருக்கிறதா, வேண்டும்போது தண்ணீர் கிடைக்கிறதா, மலக்கிருமியும் கேடான வேதிப்பொருளும் இல்லாமல் இருக்கிறதா? அந்த வேதிப்பொருள்களில் முதன்மையாகப் பார்க்கச் சொல்வது ஆர்செனிக்கையும் ஃபுளோரைடையும். இப்படிக் கேட்டதும், 2022 நிலவரப்படி உலகில் 220 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான குடிநீர் இல்லை என்று கணக்கு வந்தது. உலகம் பின்னால் போய்விடவில்லை. முன்பு கேட்காமல் விட்டதைக் கேட்டார்கள், அவ்வளவுதான். ஒரு படிவத்தில் ஒரு வரியைச் சேர்ப்பது கோடிக்கணக்கான மனிதர்களைக் கண்ணில் காட்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

நம் நாட்டு ஜல் ஜீவன் இயக்கமும் எழுத்தில் நன்றாகவே கேட்கிறது. 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்டபோது 3.23 கோடிக் கிராமப்புற வீடுகளில்தான் குழாய் இருந்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர், தரவிதிப்படியான தண்ணீர், தொடர்ந்து வர வேண்டும் என்பது அதன் விதி. ஊருக்கு ஐந்து பெண்களைத் தேர்ந்தெடுத்துத் தண்ணீரைச் சோதிக்கப் பயிற்சி தர வேண்டும் என்றும் இருக்கிறது. அருமையான ஏற்பாடு. அட்டவணையில் ஏறும்போது மட்டும் எல்லாம் சுருங்கி, கண்ணில் படுகிற எண் இணைப்பு எண்ணிக்கையாகவே நின்றுவிடுகிறது.

55 லிட்டர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 500 பேர் உள்ள ஊர், 30,000 லிட்டர் தொட்டி, தினம் ஒரு முறை நிரப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 60 லிட்டர். காகிதத்தில் ஊர் தேறிவிட்டது. தொட்டிக்குக் கீழேயே இருக்கும் வீடுகளில் குழாயில் மோட்டார் போட்டு இழுத்துக்கொள்வார்கள். கடைசித் தெருவில் ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 275 லிட்டர் வேண்டும், 15 லிட்டர் குடத்தில் 18 குடத்துக்கு மேல். நான் செல்பேசியில் நேரம் வைத்து, குடம் குடமாகப் பிடித்து அளந்த கடைசி வீடுகளில் ஆறு குடம், ஏழு குடத்தோடு காற்றுதான் வந்தது. அந்தக் கடைசித் தெரு எந்தச் சாதிக்காரர்களின் தெரு என்பதை எந்தச் சராசரியும் சொல்லாது. அதனால் ஒரு ஊருக்குப் போனால் இப்போதெல்லாம் கடைசி வீட்டிலிருந்துதான் தொடங்குகிறேன். மழை முடிந்து எல்லாம் நிரம்பி நிற்கும் டிசம்பரில் அளக்கச் சொன்னால், ஏப்ரலிலும் ஒரு முறை வருகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

நீடித்த வளர்ச்சி இலக்குகளில் மாநிலங்களுக்கு மதிப்பெண் போடும் நிதி ஆயோக்கின் 2023-24 குறியீட்டில் தமிழ்நாடு நூற்றுக்கு 78. கேரளத்துக்கும் உத்தராகண்டுக்கும் 79. அந்த உயரத்துக்கு வர உழைத்தவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் 78 என்ற எண்ணை வைத்துக்கொண்டு ஓர் ஊராட்சிச் செயலர் நாளைக் காலையில் எந்த வால்வைத் திருப்புவார்? ஒன்றிய அரசு இப்போது ஊராட்சி அளவிலேயே ஒரு முன்னேற்றக் குறியீடு கொண்டுவந்திருக்கிறது. ஒன்பது கருப்பொருள்கள், முதல் பதிப்பில் 435 குறியீடுகள். 2,16,285 ஊராட்சிகளைப் பார்த்த முதல் அட்டவணையில் உச்சப் படியில் ஒன்றுகூட இல்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் நான் பார்த்த ஊர்களில், கேட்கப்படும் தரவில் பெரும்பங்கை ஒரே ஒரு செயலர் இரவு உட்கார்ந்து நிரப்பினார். நிரப்பியதற்கு விடையாக அவருக்கோ ஊருக்கோ எதுவும் திரும்பி வரவில்லை.

அளந்தவர்கள் ஊருக்குத் திரும்பி வந்து சொல்லாமல் போவதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். அறிக்கை மேலே போகும், ஊர் அங்கேயே நிற்கும். அந்த மஞ்சள் குப்பிக்குப் பிறகு, தமிழ்நாட்டில் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்று கிராம சபை கூடும் என்பதால் அந்த நாளுக்கே போனேன். மூன்று குப்பிகளை மேசையில் வைத்தேன். காவிரி மட்டும், போர் மட்டும், இரண்டும் கலந்தது. எண் எதுவும் சொல்லவில்லை, நிறத்தைப் பார்க்கச் சொன்னேன். பயிற்சி பெற்ற ஐந்து பெண்களில் ஒருவர் எழுந்து, பெட்டியில் மருந்து தீர்ந்து ஏழு மாதம் ஆகிறது, கேட்டுக் கேட்டு விட்டுவிட்டோம் என்றார். பயிற்சி கொடுத்தாயிற்று என்று பதிவேட்டில் இருக்கிறது. மருந்து வாங்கித் தருவது யார் பொறுப்பு என்று அதில் இல்லை. முன்னேற்றத்துக்குத் துணை நிற்பது என்று பெரிதாகப் பேசுகிறோமே, அந்த ஊரில் அதற்குப் பொருள் அந்த மருந்துப் புட்டிதான்.

முடிவை ஊரே எடுத்தது. போர் தண்ணீரைப் பெரிய தொட்டியில் ஏற்றக் கூடாது. அதைத் தெருமுனைச் சின்டெக்ஸ் தொட்டிகளுக்குத் திருப்பிவிட்டால் துவைக்க, மாட்டுக்கு, பாத்திரம் கழுவ ஆகும். பெரிய தொட்டியில் காவிரி மட்டும். வரத்து குறைந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் திறக்கலாம், குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைத்துக்கொள்ளலாம். "தினம் தண்ணி வர்ற ஊர்னு பேரு போயிடுமே" என்று ஒரு பெரியவர் தயங்கினார். "பேரு போனாப் போகட்டும்ணா, புள்ளைங்க பல்லு போகுதே" என்றார் அந்த அக்கா. டேங்க் ஆபரேட்டர்தான் முதலில் தலையாட்டினார்.

அடுத்த ஆண்டு அதே படிவத்தோடு போனேன். குழாய் இணைப்பு உண்டா? உண்டு. தண்ணீர் தினமும் வருகிறதா? இல்லை. ஊரின் மதிப்பெண் இறங்கியது. குப்பியில் தண்ணீர் இளஞ்சிவப்பாக நின்றது. படிவத்தை ஏற்றும் மென்பொருளில் நிறத்தை எழுத இடமில்லாததால், அறிக்கையின் முதல் பக்கத்திலேயே இந்த இரண்டையும் சேர்த்து எழுதினேன். எண் இறங்கியதற்காக ஊருக்கு நிதியைக் குறைத்துவிடாதீர்கள் என்றும், தினசரி நீர்வரத்துக் கேள்விக்குப் பக்கத்தில் 'எந்தத் தண்ணீர்' என்று ஒரு கட்டம் வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன்.

உங்கள் ஊரிலும் இதைச் செய்ய முடியும். சோதனைப் பெட்டி எங்கே இருக்கிறது, மருந்து இருக்கிறதா, கடைசியாக எந்தக் குழாயில் எந்தத் தேதியில் சோதித்தார்கள் என்று அடுத்த கிராம சபையில் கேளுங்கள். முடிவைத் தொட்டிச் சுவரில் தேதியோடு எழுதச் சொல்லுங்கள். பென்னாகரம் பக்கத்து அந்த ஊரில் இப்போது அப்படித்தான் எழுதுகிறார்கள், ஐந்து பெண்களும் முறை வைத்து.

அந்த வீட்டின் சின்னப் பையனுக்கு, நான் முதலில் போனபோது ஒன்றரை வயது. முன்வரிசை நிலைப்பல் முளைக்க ஆறேழு வயதாகும். என் மதிப்பீட்டு ஒப்பந்தம் அதற்கு முன்பே முடிந்துவிடும். அவன் பல்லைப் பார்க்க நான் போகத்தான் போகிறேன்.