கடையில் வேலை பார்ப்பவர்கள் உட்காரலாமா? சட்டம் சொல்வது இதுதான்

திருநெல்வேலி டவுன் ரத வீதியிலோ வண்ணார்பேட்டையிலோ பெரிய துணிக்கடைக்குள் நுழைந்தால், சேலை செக்‌ஷனில் நமக்கு ஸ்டூலை இழுத்துப் போடுவார்கள். எதிரே நிற்கிற பிள்ளை முப்பது சேலையை விரித்துக் காட்டிவிட்டு முப்பதையும் திரும்ப மடிக்கும். நாம் ஒன்றும் எடுக்காமல் கிளம்பிய பிறகும் அந்தப் பிள்ளை உட்காராது. காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் கடை அடைக்கிற வரைக்கும் அதே நிலைதான். ஆடித் தள்ளுபடி, தீபாவளி என்று வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இது வழக்கம்தானே தவிர சட்டம் இல்லை. சட்டம் நேர் எதிராகச் சொல்கிறது.

2021 செப்டம்பரில் அன்றைய தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் சட்டமன்றத்தில் ஒரு திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. இருப்பது ஒரே ஒரு வாக்கியம். அதன் சாரம்: ஒவ்வொரு நிறுவனத்திலும் எல்லாப் பணியாளர்களுக்கும் பொருத்தமான இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவர்கள் உட்கார்ந்துகொள்ள முடிய வேண்டும், வேலை நேரம் முழுக்க நின்றுகொண்டே இருக்கிற நிலை வரக் கூடாது.

இதில் கவனிக்க வேண்டியது ‘எல்லாப் பணியாளர்களுக்கும்’ என்பது. கர்ப்பிணிக்கு, கால் முடியாதவருக்கு, வயதானவருக்கு என்று பிரித்துச் சொல்லவில்லை. நல்ல வேளை. அப்படிச் சொல்லியிருந்தால் உட்காருவதற்கே டாக்டர் சர்டிபிகேட் கேட்டிருப்பார்கள். பெண்களுக்கு மட்டும் என்றும் இல்லை. நகைக்கடை வாசலில் கதவைத் திறந்துவிடுகிற அண்ணாச்சிக்கும் இது பொருந்தும், பாத்திரக்கடையில் மாடிக்கும் கீழுக்குமாக ஓடுகிற பையனுக்கும் பொருந்தும்.

அடுத்தது ‘வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம்’ என்பது. பல கடைகள் சட்டத்தை இந்த இடத்தில்தான் கோட்டை விடுகின்றன, அல்லது தெரிந்தே நழுவுகின்றன. எங்கள் தெருவில் ஒரு மதினி துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறார். “ஸ்டூல் இல்லையா மதினி?” என்று கேட்டேன். “இருக்கு. அதுமேலதான் சுடிதார் பெட்டிய அடுக்கி வச்சிருக்காவ. நாங்க உக்காந்தா மேல கேமராவுல பாத்துட்டு போன் வந்துரும்” என்றார். கணக்குக்கு இருக்கை இருக்கிறது, ஆனால் சட்டம் கேட்பது கணக்கை அல்ல. ஆள் வராத மத்தியான நேரத்தில் அந்தப் பெட்டியை இறக்கிவிட்டு அவர் உட்காரலாமா, கூடாதா? உட்காரலாம். உட்கார்ந்ததற்காகத் திட்டுவதோ சம்பளத்தில் பிடிப்பதோ இந்தப் பிரிவின் நோக்கத்துக்கே விரோதம். சாப்பாட்டு நேரத்தில் உட்காருவதை இதில் சேர்க்கவும் முடியாது. அது தனி உரிமை. இதே சட்டப்படி நான்கு மணி நேர வேலைக்கு மேல் போக வேண்டுமானால், நடுவே ஒரு மணி நேரமாவது இடைவேளை தந்தாக வேண்டும்.

தொழிற்சாலைக்காரர்களுக்கு இந்த வசதி புதிதில்லை. நின்று வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே 44-ஆம் பிரிவில் சொல்லியிருந்தது. கடைகளுக்கு வந்து சேர எழுபது வருஷத்துக்கு மேல் ஆனது. அதுவும் தானாக வரவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி பள்ளித்தொடி, கடைப் பெண்களைச் சேர்த்து ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைத் தொடங்கினார். முதலில் கேட்டது கழிப்பறை, அப்புறம்தான் நாற்காலி. 2018-இல் கேரளம் தன் சட்டத்தைத் திருத்தியது. அதற்குப் பிறகு தமிழ்நாடு.

நாள் முழுக்க நிற்பது உடம்பை என்ன செய்யும் என்று பெரிதாக விளக்க வேண்டியதில்லை. மாலையில் ஜங்ஷன் பக்கம் டவுன் பஸ்ஸில் ஏறுகிற கடைப் பெண்களின் கணுக்காலைப் பார்த்தாலே தெரியும். வீக்கம், குதிகால் வலி, நரம்புச் சுருட்டல். இதோடு கழிப்பறைக்குப் போக இரண்டு மாடி இறங்க வேண்டும் என்பதால் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறவர்களும் உண்டு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய ஜவுளிக்கடைகள் பலவற்றில் வெள்ளை விரிப்பில் விற்கிறவரும் வாங்குகிறவரும் எதிரெதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் வியாபாரம் நடக்கும். கண்ணாடி ஷோரூம் வந்த பிறகு நிற்பதுதான் மரியாதை என்று ஆகிவிட்டது. யார் முன்னால் யார் உட்காரலாம் என்பது நம்ம மாவட்டத்தில் வெறும் நாற்காலிச் சங்கதி இல்லை என்பது இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். முதலாளியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நாம் உள்ளே போகும்போது ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தால் முகம் சுளிக்கிற வாடிக்கையாளர்களும் நாம்தான்.

சரி, கடையில் இருக்கை தரவில்லை, தந்தாலும் உட்கார விடவில்லை. என்ன செய்யலாம்?

முதலில் மேனேஜரிடமோ முதலாளியிடமோ எழுதிக் கேட்கலாம். பிரிவு 22-ஏ என்று எண்ணைப் போட்டு எழுதினாலே சில இடங்களில் வேலை முடிந்துவிடும். முடியவில்லை என்றால் தொழிலாளர் துறைக்குப் போக வேண்டும். கடைகளை ஆய்வு செய்கிற அதிகாரம் அங்குள்ள ஆய்வாளர்களுக்கு உண்டு. மனுவில் ‘எங்களைக் கொடுமைப்படுத்துகிறார்கள்’ என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்த மாடி, அங்கே எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள், எத்தனை ஸ்டூல் இருக்கிறது, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை நிற்கிறீர்கள் என்று எழுதுங்கள். வந்து பார்க்கிற அதிகாரிக்கு எண்ண வேண்டியது எது என்று தெரிந்துவிடும். தனியாகப் பெயர் போடத் தயக்கமாக இருந்தால் நாலைந்து பேராகச் சேர்ந்து கையெழுத்துப் போடலாம், தொழிற்சங்கம் வழியாகவும் கொடுக்கலாம். கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் திங்கள்கிழமை நடக்கிற மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் மனு வாங்குவார்கள். நேரில் போக முடியாதவர்களுக்கு முதலமைச்சரின் உதவி எண் 1100 இருக்கிறது.

“கேட்டால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்பார்கள்” என்ற பயம் நியாயமானது. அதற்கு இதே சட்டத்தின் 41-ஆம் பிரிவு கொஞ்சம் கை கொடுக்கும். தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்த ஒருவரை, நியாயமான காரணம் இல்லாமல், ஒரு மாத நோட்டீசோ அதற்கு ஈடான சம்பளமோ தராமல் நிறுத்த முடியாது. நிறுத்தினால் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் ஆறு மாதம் வேலை பார்த்ததற்கு ஆதாரம் உங்கள் கையில் இருக்க வேண்டும். சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. கார்டு, பி.எஃப். எண், கடை அடையாள அட்டை, எது கிடைத்தாலும் இன்றைக்கே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சம்பளத்தைக் கவரில் போட்டுத் தருகிற கடை என்றால் இது கஷ்டம்தான். அந்தக் கவரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பாலியல் தொந்தரவுக்கு வழி வேறு, அதைத் தொழிலாளர் துறை மனுவோடு கலக்க வேண்டாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும். சின்னக் கடை என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார் குழுவிடம் போகலாம். நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

மதினிக்கு இதையெல்லாம் சொன்னேன். அவருக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை, கலெக்டர் ஆபீஸ் மனு நாளோ திங்கள். கடைசியில் பேட்டை பஸ்ஸுக்கு நிற்கும்போது 1100-க்குப் பேசியிருக்கிறார். எத்தனை ஸ்டூல் என்று மட்டும் மறுநாள் எண்ணிப் பார்த்துச் சொன்னார்: இரண்டு மாடிக்கும் சேர்த்து மூன்று. மூன்றின் மேலும் பெட்டி இருக்கிறதாம்.