30 பேர் வேலை செய்யும் இடமா? அங்கே அப்ரண்டிஸுக்கு இடம் இருக்க வேண்டும்

30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், தன் ஆள்பலத்தில் 2.5 சதவீதத்திலிருந்து 15 சதவீதம் வரை தொழிற்பழகுநர்களை, அதாவது நாம் அப்ரண்டிஸ் என்று சொல்கிறவர்களை, ஆண்டுதோறும் எடுத்தே ஆக வேண்டும். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டமும், 2019இல் திருத்தப்பட்ட அதன் விதிகளும் இதைத்தான் சொல்கின்றன. ஆள்பலம் என்றால் நிரந்தரத் தொழிலாளர்கள் மட்டும் இல்லை. கான்ட்ராக்டர் மூலம் வருகிறவர்களும் அந்தக் கணக்கில் சேர்வார்கள். 4 முதல் 29 பேர் வரை உள்ள சின்ன யூனிட்டுகளுக்குக் கட்டாயம் கிடையாது, விரும்பினால் எடுக்கலாம்.

400 பேர் வேலை செய்யும் ஒரு ஷூ கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தது 10 அப்ரண்டிஸ்கள், அதிகபட்சம் 60. எங்கள் வேலூர் பக்கத்தில், பேரணாம்பட்டிலிருந்து மேல்விஷாரம் வரை எத்தனை ஷூ கம்பெனி, எத்தனை டேனரி, அதாவது தோல் பதனிடும் ஆலை, இருக்கின்றன என்பது விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களைப் பார்த்தாலே தெரியும். ஆனால் ஐடிஐ முடித்த பையன் ஸ்ரீபெரும்புதூருக்கோ ஓசூருக்கோதான் பை தூக்குகிறான். படிப்பு ஒரு பக்கம், ஊர் வேலை ஒரு பக்கம் என்று கிடக்கும் இந்த நிலையை மாற்ற அரசு பல திட்டங்கள் வைத்திருக்கிறது. அவற்றில் பல்லுள்ளது அப்ரண்டிஸ் முறை ஒன்றுதான் என்பது என் கருத்து. மற்றவை எல்லாம் ‘முயற்சி’, இது சட்டம்.

யார் சேரலாம்?

14 வயது முடிந்திருக்க வேண்டும். ஆபத்தான தொழில் என்றால் 18. ஐடிஐ முடித்தவர்களுக்கு மட்டும்தான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. ஐந்தாம் வகுப்பு படித்தவரிலிருந்து டிகிரி முடித்தவர் வரை எல்லாருக்கும் இடம் உண்டு. படிப்புக்குத் தக்கபடி உதவித்தொகை மாறும், அவ்வளவுதான்.

2019 விதிப்படி குறைந்தபட்ச மாத உதவித்தொகை இப்படி: ஐந்து முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு 5,000 ரூபாய், பத்தாம் வகுப்புக்கு 6,000, பிளஸ் டூவுக்கும் ஐடிஐ சான்றிதழுக்கும் 7,000, டிப்ளமோவுக்கு 8,000, டிகிரிக்கு 9,000. இரண்டாம் ஆண்டில் 10 சதவீதமும் மூன்றாம் ஆண்டில் 15 சதவீதமும் கூட வேண்டும். இந்தத் தொகையை 36 சதவீதம் உயர்த்தலாம் என்று மத்திய தொழிற்பழகுநர் கவுன்சில் 2025 மே மாதம் பரிந்துரை செய்தது. ஆகவே கையெழுத்துப் போடும் நாளில் நடப்பில் உள்ள தொகை எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கம்பெனி இதற்கு மேல் கொடுக்கலாம், கீழே போகக் கூடாது.

இந்தப் பணத்தில் ஒரு பங்கு அரசுடையது. 2016இல் தொடங்கிய தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையின் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய்க்கு மிகாமல், மத்திய அரசு ஏற்கிறது. 7,000 ரூபாய்க்கு 25 சதவீதம் 1,750 வரும். ஆனால் உச்சவரம்பு 1,500. மீதி 5,500 கம்பெனியின் பொறுப்பு. 2023 ஆகஸ்ட் முதல் அரசின் பங்கு நேராக அப்ரண்டிஸின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. இதற்கு உங்கள் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். ‘கம்பெனி பணம் வந்துவிட்டது, கவர்ன்மென்ட் பணம் வரவில்லை’ என்றால் முதலில் பேங்கில் போய் இதைத்தான் பார்க்க வேண்டும்.

பாலிடெக்னிக், இன்ஜினீயரிங் முடித்தவர்களுக்குக் கல்வி அமைச்சகத்தின் கீழ் தனித் திட்டம் உண்டு. அதைத் தென் மாநிலங்களுக்குப் பார்ப்பது சென்னை தரமணியில் உள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம். தொரப்பாடி அரசு பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவர் பார்க்க வேண்டிய வழி இதுதான்.

டிரெய்னி வேறு, அப்ரண்டிஸ் வேறு

இந்த விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் அதிகம் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். கம்பெனி வாசலில் ‘நீ டிரெய்னிம்மா, ஆறு மாசம் பாப்போம்’ என்று சொல்லி உள்ளே எடுப்பார்கள். தினமும் மிஷினில் உட்கார வைப்பார்கள். டார்கெட் கொடுப்பார்கள். கையில் ஒரு தொகை வரும். இப்படிச் சேர்ந்தவர் சட்டப்படி அப்ரண்டிஸ் இல்லை. அப்ரண்டிஸ் என்றால் கம்பெனிக்கும் உங்களுக்கும் இடையே எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும். பதினெட்டு வயது ஆகாதவருக்குப் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒப்பந்தம் அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா இணையதளத்தில் பதிவாகி, அதற்கென ஓர் எண் வந்திருக்க வேண்டும். அந்த எண்ணைக் கேளுங்கள். எண் இல்லை என்றால் நீங்கள் சாதாரணத் தொழிலாளி. அப்படியானால் குறைந்தபட்சக் கூலி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் உங்களுக்குச் சேர வேண்டும். இரண்டும் இல்லாமல் நடுவில் நிறுத்தி வைப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

பதிவான அப்ரண்டிஸுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடையாது என்பதும் உண்மை. அவர் பயிற்சி பெறுகிறவர், தொழிலாளி அல்ல என்பதே சட்டத்தின் நிலை. ஆனால் பாதுகாப்பு, சுகாதாரம், கேன்டீன், ஓய்வறை போன்ற விஷயங்களில் தொழிலாளிக்கு உள்ளதெல்லாம் அவருக்கும் உண்டு. பயிற்சியில் அடிபட்டால் இழப்பீடு கொடுக்கும் பொறுப்பு கம்பெனிக்கு உண்டு. ஓவர்டைம் பார்க்கச் சொல்வதற்குத் தொழிற்பழகுநர் ஆலோசகர் என்ற அரசு அதிகாரியின் அனுமதி வேண்டும். ஷிப்மென்ட் நெருக்கும் மாதங்களில் இந்த ஒரு விதியை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. பயிற்சிக்குச் சம்பந்தமில்லாத வேலை வாங்கினாலும், அனுமதியின்றி ஓவர்டைம் வாங்கினாலும், ஒவ்வொரு முறைக்கும் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது 2014ஆம் ஆண்டின் திருத்தம்.

எடுக்க வேண்டிய எண்ணிக்கையில் ஆள் எடுக்காத கம்பெனிக்கும் அபராதம் உண்டு. அதே 2014 திருத்தப்படி, காலியாக உள்ள ஓர் இடத்துக்கு முதல் மூன்று மாதம் மாதத்துக்கு 500 ரூபாய், அதற்குப் பிறகு மாதம் 1,000. அப்ரண்டிஸுக்குக் கொடுக்கும் 5,500ஐ விட இது குறைவு என்று கம்பெனிக்காரர் கணக்குப் போட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. குறை அந்தத் தொகையை வைத்தவர்களுடையது.

நடுவில் நிறுத்துவது பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். கம்பெனியின் தவறால் ஒப்பந்தம் முறிந்தால் மூன்று மாத உதவித்தொகையை இழப்பீடாகக் கம்பெனி தர வேண்டும். உங்கள் பக்கம் தவறு என்றால் அதே அளவு தொகையை உங்களிடம் கேட்கலாம். முடித்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கம்பெனிக்கு இல்லை. ‘கண்டிப்பா பெர்மனென்ட் ஆக்கிருவோம்’ என்று யாராவது வாயால் சொன்னால், அதை ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

எந்த டிரேடு?

ஐடிஐயில் சேரும்போது எலக்ட்ரீஷியன், பிட்டர் இரண்டைத்தான் வீட்டில் முதலில் சொல்வார்கள். மின்வாரியமும் ரயில்வேயும் மனதில் இருக்கும். அதில் தப்பில்லை. ஆனால் பழைய வடாற்காட்டின், அதாவது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்தின், முதலாளிகள் யாரென்று ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

தோல் வேலை என்றால் முகம் சுளிக்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. அதன் பின்னால் இருக்கும் சாதிக் கணக்கு எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஒரு ஷூ கம்பெனிக்குள் கட்டிங், ஸ்டிச்சிங், லாஸ்டிங் மட்டும் இல்லை. கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடுகிறவர், மிஷின் மெக்கானிக், தரம் பார்க்கும் லேப் ஆள், பாய்லர் பார்க்கிறவர் என்று பலருக்கு வேலை இருக்கிறது. பாலாற்று மாசு தொடர்பாக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, சுத்திகரிப்பு வசதி இல்லாமல் டேனரி நடத்த முடியாது என்று ஆகிவிட்டது. அந்த சுத்திகரிப்பு நிலையங்களில் பம்பும் மோட்டாரும் இரவு பகலாக ஓட வேண்டும். பிட்டருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் வேதியியல் படித்தவருக்கும் உள்ளூரிலேயே உள்ள வேலை அது. ராணிப்பேட்டையில் பெல், சோளிங்கர் பக்கம் பிரேக்ஸ் இந்தியா, அரக்கோணம் அருகே எம்.ஆர்.எஃப். என்று வெல்டர், மெஷினிஸ்ட், டர்னருக்குத் தேவை ஏற்கனவே இருக்கிறது. பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸின் 9,000 கோடி ரூபாய் கார் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். அதே பனப்பாக்கம் சிப்காட்டில் தோல் அல்லாத ஷூ ஆலையும் வருகிறது.

ஆலை மட்டும்தான் நிறுவனம் என்று நினைக்க வேண்டாம். ஆஸ்பத்திரி, ஹோட்டல், அலுவலகம் எல்லாம் இந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்த நோயாளிகளின் குடும்பங்கள் தங்குகின்றன. கடைப் பலகைகளில் வங்காள எழுத்தே இருக்கிறது. ரிசப்ஷனில் உட்காருகிற பிள்ளைக்கு இந்தியோ வங்காளமோ நாலு வார்த்தை தெரிவது இந்த ஊரில் பெரிய தகுதி. அதை எந்தப் பாடத்திட்டத்திலும் நான் பார்த்ததில்லை.

உள்ளூர்த் தேவைக்கேற்பப் பயிற்சியை வளைக்க விதிகளில் வழி இருக்கிறது. 2014 திருத்தத்துக்குப் பிறகு, அரசு பட்டியலில் இல்லாத வேலைக்கும் நிறுவனமே பாடத்திட்டம் வகுத்து அப்ரண்டிஸ் எடுக்கலாம். இதற்கு ‘விருப்பத் தொழில் பிரிவு’ என்று பெயர். இரட்டைப் பயிற்சி முறை என்று இன்னொன்று: ஐடிஐயும் கம்பெனியும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, ஓராண்டுப் படிப்பில் 3 முதல் 6 மாதமும் ஈராண்டுப் படிப்பில் 6 முதல் 12 மாதமும் மாணவரைக் கம்பெனியிலேயே பழக்குவது. மாவட்ட அளவில் கலெக்டர் தலைமையில் திறன் குழுவும் உண்டு. எந்தத் தொழிலுக்கு எத்தனை ஆள் தேவை என்று கணக்கெடுத்து மாவட்டத் திட்டம் போடுவது அதன் வேலை. சேர்க்கைக்குப் போகும்போது ஐடிஐ முதல்வரிடம் கேளுங்கள்: ‘சார், எந்தக் கம்பெனியோட ஒப்பந்தம் இருக்கு? போன வருஷம் இந்த டிரேடுல எத்தனை பேர் அப்ரண்டிஸா போனாங்க?’ பதில் சுற்றி வளைத்து வந்தால் அடுத்த டிரேடைப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் புதுப்பிக்கும் திட்டத்தில் ரோபோ, சி.என்.சி., மின்வாகனப் பழுதுபார்ப்பு போன்ற புதுப் பிரிவுகள் வந்தன. இவை நல்லவைதான், பனப்பாக்கம் ஆலையை நினைத்தால் இன்னும் நல்லது.

அரசு ஐடிஐயில் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை, ஷூ, புத்தகம் கிடைக்கும். வெல்டர், வயர்மேன் பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்பே போதும். ஆண்களுக்கு 40 வயது வரை. பெண்களுக்கு உச்ச வயது இல்லை. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவர் என்றால் பெண்ணுக்குப் புதுமைப்பெண், பையனுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனி. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இது உண்டு.

எங்கே போவது?

அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா தளத்தில் ஆதார், மதிப்பெண் சான்று, வங்கிக் கணக்கு விவரத்தோடு நீங்களே பதிவு செய்யலாம். இ-சேவை மையத்திலும் செய்து தருவார்கள். அரசு ஐடிஐ வளாகங்களில் தொழிற்பழகுநர் சேர்க்கை முகாம்கள் நடக்கின்றன. அங்கே போனால் கம்பெனிக்காரர்களை நேரில் பார்க்கலாம்.

2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததில் ஒரு குழப்பம் இருக்கிறது. குடியாத்தத்தில் வீடு, கம்பெனி ஆம்பூரில், அதாவது திருப்பத்தூர் மாவட்டத்தில். சேர்வதற்கு மாவட்ட எல்லை தடையில்லை. ஆனால் புகார் என்று வந்தால், கம்பெனி இருக்கும் மாவட்டத்தின் திறன் பயிற்சி அலுவலகத்தில் உதவி இயக்குநரிடம் போக வேண்டும். பெல் போன்ற மத்திய அரசு நிறுவனங்களும், நான்கோ அதற்கு மேலோ மாநிலங்களில் கிளை உள்ள பெரிய கம்பெனிகளும் மத்திய அரசின் பொறுப்பு. அவற்றுக்குச் சென்னை கிண்டியில் உள்ள மண்டல இயக்குநரகத்துக்கு எழுத வேண்டும். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். மனுவில் ஒப்பந்த எண்ணையும் பணம் வராத மாதங்களையும் எழுதி, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பல வருடம் மிஷினில் உட்கார்ந்தும் கையில் ஒரு காகிதமும் இல்லாத அக்காக்களும் அண்ணன்களும் இருக்கிறார்கள். அவர்கள் மறுபடி அப்ரண்டிஸ் ஆகத் தேவையில்லை. ஏற்கனவே தெரிந்த வேலையைச் சோதித்துச் சான்றிதழ் தரும் வழி மத்திய அரசின் திறன் திட்டத்தில் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள், ஐடிஐ மாணவர்கள் எழுதும் அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதவும் ஆண்டுதோறும் அறிவிப்பு வருகிறது. அந்த விண்ணப்பத்தோடு அனுபவச் சான்று கேட்பார்கள். கம்பெனியை விட்டு நிற்பதற்கு முன்பே அதை வாங்கி வைத்துவிடுவது நல்லது.