நம்பர் மாறாம கம்பெனி மாறலாம், ஆனா விலை ஏன் இறங்க மாட்டேங்குது?

2024 ஜூலைல ஜியோ, ஏர்டெல், விஐ மூணும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா ரீசார்ஜ் விலைய ஏத்துனப்ப ஒரு வாசகர் கேட்டாரு, "எல்லாருமே ஏத்திட்டாங்க, இனி போர்ட் பண்ணி, அதாவது அதே நம்பரோட வேற கம்பெனிக்கு மாறி, என்ன பிரயோஜனம்?"னு. அந்த ஒரே மாசத்துல, விலைய ஏத்தாத பிஎஸ்என்எல்லுக்கு சுமார் 29 லட்சம் பேர் கூடுனாங்க, மத்த மூணுக்கும் ஆள் குறைஞ்சுது. பிரயோஜனம் இருக்கு.

நாடு முழுக்க போர்ட்டிங் வந்தது 2011 ஜனவரி 20. அதுக்கு முன்னாடி கம்பெனிய மாத்தணும்னா நம்பரையே விடணும். எங்க அம்மா நம்பர் கேஸ் புக்ல, பேங்க் பாஸ்புக்ல, பாதி சொந்தக்காரங்க வீட்டு காலண்டர் பின்னாடி பேனால எழுதிக் கிடக்கு, அத யாரு விடுவா? இப்ப 1900க்கு ஒரு எஸ்எம்எஸ், வர்ற 8 எழுத்து கோடு, புது சிம், முடிஞ்சுது.

எனக்கு ரொம்பப் புடிச்ச இடம் இனிமேதான். 100 பேர்ல 10 பேர்தான் கிளம்புற ரகம்னு வைங்க. அந்த 10 பேர் யாருன்னு கம்பெனிக்குத் தெரியாது, அதனால அவங்கள புடிச்சு வைக்க விலைய 100 பேருக்குமே குறைச்சுதான் ஆகணும், அதாவது போர்ட்னா என்னன்னே தெரியாத எங்க அம்மாவுக்கும் சேர்த்து அந்த 10 பேர்தான் காவல் நிக்கிறாங்க!

ஆனா எஸ்எம்எஸ் அனுப்புன நிமிஷமே அந்த 10 பேர் யாருன்னு கம்பெனிக்குத் தெரிஞ்சுபோகுது. நான் அனுப்புன அன்னைக்கு சாயங்காலமே பழைய கம்பெனில இருந்து போன், "சார், உங்களுக்கு மட்டும் ஸ்பெஷல் பிளான்"னு. கிளம்புறவனுக்குத் தனியா குறைச்சுட்டா மீதி 90 பேருக்குக் குறைக்க வேண்டிய கட்டாயமே இல்ல, காவல் அங்கயே போச்சு. எனக்குச் சொன்ன விலை அதே கம்பெனி சிம் வச்சிருக்குற அம்மாவுக்குக் கிடையாது.

இந்த மாதிரி தனி ஆஃபர் விவரத்த, போன் கம்பெனிங்களக் கண்காணிக்குற அரசு ஆணையமான டிராய்கிட்ட குடுக்கச் சொல்லி 2020 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டே உத்தரவு போட்டுச்சு. என்னக் கேட்டா டிராய்க்கு மட்டும் தெரிஞ்சா பத்தாது, யாருக்கு என்ன விலைக்குக் குடுத்தாங்கன்னு எல்லாரும் பாக்குற மாதிரி மாசாமாசம் வெளியிடணும், அப்பதான் நான் அம்மா போன வாங்கி கஸ்டமர் கேர்ல அதே விலைய கேக்க முடியும்.