வேட்டைக்கு முந்தைய இரவு பேச வேண்டியவை

வேட்டைக்காலம் தொடங்கினால் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கும் அது ஒரு சீசன்தான். கரடி அடித்தது, காட்டுப்பன்றி குத்தியது என்று வருகிறவர்கள் குறைவு. ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் சேற்றுப் பூட்ஸோடு நிற்கும் நண்பர் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: "அவன் அங்க இருப்பான்னு நினைக்கவே இல்ல டாக்டர்."

நான் வேட்டைக்காரன் இல்லை. துப்பாக்கியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் காயங்களும், காயத்தோடு வந்தவர்கள் சொன்னதும்தான். அப்படிக் கேட்டுக் கேட்டு ஒரு விஷயம் பிடிபட்டது. கூடாரம், சாப்பாடு, செலவுப் பங்கு இதையெல்லாம் வாட்ஸ்அப் குழுவில் வாரக்கணக்கில் பேசுகிறார்கள். யார் எங்கே நிற்பது, யார் எந்தப் பக்கம் சுடக்கூடாது என்பதைக் காட்டுக்குள் இறங்கிய பிறகு இரண்டு நிமிடத்தில், அதுவும் கிசுகிசுத்து, முடித்துவிடுகிறார்கள்.

2006 பிப்ரவரி 11 அன்று டெக்சாஸில் ஒரு பண்ணையில் காடை வேட்டை நடந்தது. அப்போதைய அமெரிக்கத் துணை அதிபர் டிக் செனி, எழும்பிப் பறந்த பறவையோடு துப்பாக்கியையும் திருப்பிச் சுட்டார். ஈயக்குண்டுகள் பாய்ந்தது கூட வந்திருந்த 78 வயது வழக்கறிஞரின் முகத்திலும் கழுத்திலும் மார்பிலும். சுட்டு விழுத்திய பறவையைத் தேடி எடுக்கப் போனவர், திரும்பி வந்துகொண்டிருந்தார். ஆரஞ்சு உடுப்பும் போட்டிருந்தார். சில நாள் கழித்து, இதயத்தருகே தங்கிய ஒரு குண்டால் அவருக்கு லேசான மாரடைப்பு வந்தது, பிழைத்துக்கொண்டார். காவலும் மருத்துவர்களும் சூழ்ந்த குழுவிலேயே இது நடக்கிறது என்றால், நாம் போகும் குழுவைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்கலாம்.

வரிசையை விட்டு ஒருவர் போனால் வேட்டை நிற்க வேண்டும். அவர் திரும்பி வரும்போது குரல் கொடுக்க வேண்டும், மற்றவர்கள் பதில் குரல் கொடுக்க வேண்டும். பதில் வராத வரை அவர் நின்ற இடத்திலேயே நிற்கட்டும். சத்தம் போட்டால் விலங்கு ஓடிவிடுமே என்பார்கள். ஓடட்டும்.

வரிசையாக நடக்கும்போது புதியவர்கள் இருந்தால் மூன்று பேருக்கு மேல் வேண்டாம் என்பதுதான் பயிற்சி வகுப்புகளில் சொல்லப்படுவது. ஆளுக்கு ஆள் 25 முதல் 35 மீட்டர் இடைவெளி. ஒவ்வொருவருக்கும் முன்னால் சுமார் 45 பாகை மட்டுமே அவர் சுடக்கூடிய எல்லை. நின்று காத்திருக்கும் வேட்டைக்குப் பிரான்சில் ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். உங்கள் இடத்திலிருந்து பக்கத்து ஆள் இருக்கும் திசையில் 5 காலடி எடுத்து வையுங்கள். அங்கிருந்து செங்கோணத்தில் திரும்பி 3 காலடி. அந்த இடத்தில் ஒரு குச்சியை நடுங்கள். திரும்பி வந்து நின்று பார்த்தால், குச்சிக்கும் பக்கத்து ஆளுக்கும் நடுவே ஏறக்குறைய 30 பாகை இருக்கும். அந்தப் பகுதிக்குள் எது ஓடினாலும் சுடுவதில்லை. மறுபக்கத்துக்கும் ஒரு குச்சி. கல்லிலோ மரத்திலோ பட்டுத் தெறிக்கும் குண்டையும் சேர்த்துப் போட்ட கணக்கு இது. குச்சி நட ஒரு நிமிடம்கூட ஆகாது. நட்டவர்கள் யாரையும் நான் இன்னும் ஆபரேஷன் தியேட்டர் மேஜையில் பார்த்ததில்லை. பார்க்காததால் அது ஆதாரமாகிவிடாது, சும்மா சொல்கிறேன்.

குழுவாகப் போவதால் மட்டுமே வரும் இன்னொரு விபத்து உண்டு: தோட்டாக்கள் கலந்துபோவது. ஒருவர் 12 கேஜ் (கேஜ் என்பது குழலின் அளவு) ஷாட்கன் வைத்திருப்பார், மச்சான் 20 கேஜ். காரில் இரண்டு பெட்டியும் ஒரே பையில். 20 கேஜ் தோட்டா சிறியது. 12 கேஜ் குழலுக்குள் போட்டால் வழுக்கி உள்ளே போய் நடுவில் சிக்கிக்கொள்ளும். விசையை இழுத்தால் ஒன்றும் நடக்காது. 'போடவே மறந்துட்டேன் போல' என்று பின்னால் சரியான தோட்டாவை ஏற்றி மறுபடி சுட்டால், குழல் வெடிக்கும். வெடிக்கிற இடம் பெரும்பாலும் தாங்கிப் பிடித்த கைக்கு அருகில். அப்படி வந்த ஒருவரின் இடது கையில் கட்டைவிரலைக் காப்பாற்ற முடிந்தது, பக்கத்து இரண்டு விரல்களை முடியவில்லை. இதற்காகவே 20 கேஜ் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். ஆனால் விடியாத இருட்டில், கையுறைக்குள் எல்லாம் ஒரே நிறம்தான். ஒரே அளவுத் துப்பாக்கிகள் கொண்டுபோங்கள், முடியாவிட்டால் பைகளையாவது பிரியுங்கள்.

அலுவலகக் குழுக்களில் எனக்குப் பயம் தருவது துப்பாக்கியைவிட மரியாதைதான். மேலதிகாரியின் துப்பாக்கி வாய் தன் வயிற்றைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது என்று ஒருவர் என்னிடம் சொன்னார், ஒரு மணி நேரம் கழித்து, தையல் போடும்போது. "எப்படி சார் சொல்றது?" என்று கேட்டார். குடும்பத்தில் மாமனார், பெரியப்பா. இதே கதைதான். எனவே அன்றைய தலைவர் யார் என்பதை முந்தைய இரவே முடிவு செய்யுங்கள். பதவியோ வயதோ பார்க்காமல், அனுபவமுள்ளவராக இருக்கட்டும். யார் 'நிறுத்து' என்று சொன்னாலும், காரணம் கேட்காமல் எல்லாரும் தோட்டாவை வெளியே எடுக்க வேண்டும். காரணம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். மதுவும் துப்பாக்கிகளைப் பூட்டிய பிறகுதான்.

எல்லாரும் ஒளிரும் ஆரஞ்சு போடுங்கள், தண்ணீர் எடுக்கப் போகிறவர் உட்பட. மானின் கண்ணுக்கு அது மங்கிய நிறம்தான். நம் கண்ணுக்குத்தான் பளிச். புதர் அசைந்தால் பைனாகுலரில் பாருங்கள், துப்பாக்கியின் ஸ்கோப்பில் அல்ல. மானை எதிர்பார்த்து மூன்று மணி நேரம் உட்கார்ந்த மூளை, மனிதனின் முழங்கையிலும் மானைப் பார்க்கும். சிறிய .22 ரக ரைஃபிளின் குண்டே 2 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடியது. இலக்குக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறதா என்று பார்ப்பது அதனால்தான்.

பரண் மேல் ஏறுகிறவர்கள், விழாமல் தாங்கும் பட்டையான ஹார்னஸைத் தரையிலேயே மாட்டிக்கொள்ளட்டும். விழுவது பெரும்பாலும் ஏறி இறங்கும்போது. தோட்டாவை நீக்கிய துப்பாக்கியைக் கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொள்ளலாம். கூடாரத்துக்குள் கரி அடுப்பு வேண்டவே வேண்டாம்: கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார்.

வருடம் முழுக்க நாற்காலியில் இருந்துவிட்டு, குளிரில் ஒரு மானை மேட்டில் இழுத்து வரும் ஐம்பது வயதுக்காரருக்கு நெஞ்சு அடைக்கும். நண்பர்கள் கிண்டல் செய்வார்கள் என்று வாய் திறக்க மாட்டார். யாருக்கு என்ன மாத்திரை, யார் ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கிறார், எதற்கு ஒவ்வாமை என்று ஒரு தாளில் எழுதித் தலைவரிடம் கொடுத்துவிடுங்கள். டூர்னிக்கே எனும் கட்டுப்பட்டை ஆளுக்கு ஒன்று, மேல் பாக்கெட்டில். காரில் இருந்தால் அது இல்லாததற்குச் சமம். கை காலில் பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களே கிடைக்கும். காயத்துக்கு மேலே, மூட்டின் மேல் படாமல், ரத்தம் நிற்கும் வரை இறுக்கி, கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள்.

கடைசியாக, கார் சாவி. போன வருடம் தொடையில் குண்டு பட்டவரோடு போனவர்கள் மூன்று பேர். சிக்னல் இல்லை. உதவி கேட்கக் காரை எடுக்க ஒருவர் இரண்டு கிலோமீட்டர் ஓடியிருக்கிறார். ஓடிப் போய்க் கதவருகே நின்ற பிறகுதான் நினைவு வந்ததாம்: சாவி, அடிபட்டவரின் பேன்ட் பாக்கெட்டில். இப்போது அவர்கள் முன் டயரின் மேல் வைத்துவிட்டுப் போகிறார்களாம்.