கார்புரேட்டருக்குள் ஓர் உப்பளம்

1970-ல் ஹோண்டா நிறுவனம் அமெரிக்காவில் யூஎஸ்90 என்றொரு மூன்று சக்கர வண்டியை இறக்கியது. பனிக்காலம் வந்தால் அங்கே மோட்டார்சைக்கிள் விற்பனை படுத்துவிடும். அந்த மாதங்களிலும் டீலர்கள் விற்பதற்கு ஏதாவது வேண்டும் என்று கேட்டதில் பிறந்த வண்டி அது. பலூன் டயர் போட்டிருந்ததால் பனியிலும் மணலிலும் புதையாமல் ஓடியது. ஏடிவி எனப்படும் இன்றைய நான்கு சக்கரக் காட்டுவண்டிகளின் முன்னோடிகளில் அதுவும் ஒன்று.

பனிக்காலத்துக்கென்று பிறந்த இனம்தான், ஆனால் அமெரிக்காவின் மினசோட்டாவிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் பனி தள்ள வைத்திருப்பவர்கள் போக மற்றவர்கள் நவம்பரில் அதை ஷெட்டில் ஏற்றித் தார்ப்பாயால் மூடிவிடுகிறார்கள். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் உள்ள வண்டியை ஏப்ரலில் எடுத்தால் வழக்கமான கதை. சோக்கை இழுத்தால் இன்ஜின் பிடிக்கும். சோக்கைத் தள்ளியதும் நின்றுவிடும். கட்டைவிரலால் த்ராட்டிலை அழுத்தி ரேஸ் பண்ணிக்கொண்டே இருந்தால் ஓடும், விரலை எடுத்தால் அணையும்.

இந்த அறிகுறியே அடைப்பு எங்கே என்று சொல்லிவிடுகிறது. கார்புரேட்டரின் நடுவில் காற்றுப்பாதை குறுகும் இடம் ஒன்று உண்டு. குறுகலில் காற்றின் வேகம் கூடும், அழுத்தம் குறையும். கீழே உள்ள கிண்ணத்துப் பெட்ரோலின் மேல் வெளிக்காற்றின் முழு அழுத்தமும் இருப்பதால், அது பெட்ரோலை மெயின் ஜெட் என்ற சிறு துளை வழியாக மேலே தள்ளுகிறது. ஆனால் ஐட்லிங்கில் த்ராட்டில் ஏறக்குறைய மூடியே இருக்கும். குறுகலில் ஓடும் காற்று பெட்ரோலை இழுக்கப் போதாது. அதற்காகத்தான் ஸ்லோ ஜெட் என்ற தனிப்பாதை. அது த்ராட்டிலைத் தாண்டி, இன்ஜினின் உறிஞ்சல் பலமாக இருக்கும் இடத்தில் போய்த் திறக்கிறது. பெரும்பாலான ஜப்பானியக் கார்புரேட்டர்களில் சோக்குக்கும் தனியாக ஒரு வழி இருக்கிறது. ஆகவே சோக்கில் ஓடுகிறது, ரேஸில் ஓடுகிறது, ஐட்லிங்கில் மட்டும் நிற்கிறது என்றால் கை நேராக ஸ்லோ ஜெட்டுக்குத்தான் போக வேண்டும்.

ஏன் எப்போதும் அதுவே மாட்டுகிறது? ஒரு சின்னக் கணக்கு போதும். ஸ்லோ ஜெட்டின் துளை 0.40 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதன் சுவரில் சுற்றிலும் 0.05 மி.மீ. படிவு, அதாவது ஒரு மெல்லிய தலைமுடியின் பருமன். துளையின் விட்டம் 0.30 ஆகிவிடும். பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் மிஞ்சுவது 56 சதவீதம்தான். அதே படிவு 1.40 மி.மீ. மெயின் ஜெட்டில் ஏறினால் பரப்பில் 86 சதவீதம் மிச்சமிருக்கும். வண்டி கொஞ்சம் மந்தமாகும், ஆனால் ஓடும்.

இனி அந்தப் படிவு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பெட்ரோல் ஒரே பொருளில்லை. நான்கு முதல் பன்னிரண்டு கார்பன் அணுக்கள் வரை கொண்ட நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. அவற்றில் லேசானவைதான் குளிரில் முதலில் ஆவியாகி இன்ஜினைப் பிடிக்கவைப்பவை. கிண்ணத்திலிருந்து முதலில் ஓடிப்போவதும் அவைதான். கிண்ணம் மூடிய பாத்திரம் இல்லை, காற்றுக் குழாய் வழியே வெளியுலகத்தோடு அதற்கு எப்போதும் தொடர்பு உண்டு. பின்தங்கியவற்றில் இரட்டைப் பிணைப்புள்ள மூலக்கூறுகள் ஆக்ஸிஜனோடு சேர்ந்து பெராக்ஸைடுகளாகி, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பிசினாக மாறுகின்றன. தாமிரம் இந்த வினையைத் தூண்டிவிடும். ஜெட்டுகள் பித்தளை, பித்தளையில் பெரும்பங்கு தாமிரம். ஜெட்டின் தலையில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் வியக்க ஒன்றுமில்லை.

ஆனால் அளவைப் பார்த்தால் ஒரு இடறல் இருக்கிறது. அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் டி4814 தரப்படி, புதிய பெட்ரோலில் கரைப்பானால் கழுவிய பிறகு எஞ்சும் பிசின் 100 மில்லிக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 50 மில்லி கிண்ணம் ஒருமுறை வற்றினால் அதிகம் போனால் 2.5 மில்லிகிராம், மிகச் சொற்பம். கிண்ணத்தில் இருப்பது மாதக்கணக்கில் ஆக்ஸிஜனேற்றம் பெற்ற பழைய பெட்ரோல் என்பதால் அதைவிடக் கூடும், சரி. அதற்கு மேலும் ஒன்று நடக்கிறது. பெட்ரோல் டேப்பை மூட மறந்திருந்தால், கிண்ணத்தில் மட்டம் இறங்கும்போது ஃப்ளோட் என்ற மிதவையும் இறங்கும், அதன் ஊசி விலகும், டேங்கிலிருந்து புதிதாகக் கொஞ்சம் பெட்ரோல் உள்ளே வரும். அதுவும் ஆவியாகும், மறுபடி வரும். உப்பளத்துப் பாத்தியில் திரும்பத் திரும்பக் கடல்நீர் பாய்ச்சுவது மாதிரிதான்: போவது நீர், தங்குவது உப்பு. பாத்தியின் அடியில், படிவு சேரும் இடத்துக்கு அருகிலேயே ஸ்லோ ஜெட்டின் வாய் இருக்கிறது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இதில் குளிரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆக்ஸிஜனேற்றமும் சரி, ஆவியாதலும் சரி, குளிரில் மெதுவாகத்தான் நடக்கும். பனி செய்வதெல்லாம் வண்டியை ஐந்து மாதம் அசையாமல் நிறுத்திவைப்பதுதான். சென்னை வெயிலில் கார்புரேட்டர் பைக் ஒன்றை அதே அளவு காலம் மூடி வைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

குளிர் நேரடியாகக் கெடுப்பது வேறு வழியில். அமெரிக்காவில் விற்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் இருக்கிறது. 15 டிகிரி செல்சியஸில் அது லிட்டருக்கு ஏறத்தாழ 5 மில்லி தண்ணீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும். வெப்பம் இறங்க இறங்க அந்தத் திறன் குறைந்து, ஒரு கட்டத்தில் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துப் பிரிந்து அடியில் தங்கிவிடும். துத்தநாகமும் அலுமினியமும் கலந்து வார்த்த கிண்ணத்தில் அது வெள்ளைப் பொடியாக அரிப்பை உண்டாக்கும். பலர் எல்லாப் பழியையும் எத்தனால் தலையில் போடுகிறார்கள். பிசின் சமாச்சாரம் எத்தனாலுக்கு முன்பே இருந்தது. வெள்ளைப் பொடியை வேண்டுமானால் அதன் கணக்கில் எழுதலாம்.

கழற்றும் வேலைக்கு வருவோம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு பரவும். கராஜில் கேஸ் வாட்டர் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தால் அங்கே இந்த வேலையே வேண்டாம். டேப்பை மூடி, கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து வடித்துவிட்டுக் கழற்ற வேண்டும். ஜப்பானியத் திருகுகளின் பிளவு சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ டிரைவருக்குச் சரியாகப் பொருந்தாது. முனை வழுக்கித் தலையை மழுக்கிவிடும். ஜப்பானியத் தரத்துக்கேற்ற ஜேஐஎஸ் முனை தனியாகக் கிடைக்கிறது, வாங்கிவிடுவது நல்லது.

ஐட்லிங்கில் பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன் அது மென்மையாகப் போய் உட்காரும் வரை உள்ளே திருகி, எத்தனை சுற்று என்று எழுதிக்கொள்ள வேண்டும். திரும்பப் பூட்டும்போது அந்த எண்தான் வழிகாட்டி. வெளியே எடுத்ததும் ஒரு ஸ்பிரிங் வரும். அதற்குப் பின்னால் கடுகளவு வாஷரும் ரப்பர் வளையமும் துளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கவனிக்காமல் ஸ்பிரே அடித்தால் இரண்டும் பறந்து தரையில் தொலையும். கார்புரேட்டர் கிளீனர் ரப்பரை உப்பவைக்கும், ஆகவே வளையங்களையும் டயாஃப்ரத்தையும் ஃப்ளோட் ஊசியையும் முதலிலேயே தள்ளி வைத்துவிட வேண்டும். கண்ணாடி போடாமல் அடிக்கவே கூடாது. ஒரு துளையில் அடித்தது எதிர்பாராத துளையில் வந்து முகத்தில் பீய்ச்சும்.

அந்தப் பீய்ச்சல்தான் சோதனையும்கூட. ஸ்லோ ஜெட்டின் வழியில் அடித்தால், த்ராட்டில் தட்டின் ஓரத்தில் வரிசையாக உள்ள பொடித் துளைகள் எல்லாவற்றிலும் வெளிவர வேண்டும். ஜெட்டை மட்டும் துடைத்துவிட்டு இந்த வழியை விட்டுவிட்டால், பூட்டிய பிறகும் வண்டி பழைய பாட்டையே பாடும். ஜெட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். முழு வட்டமாக ஒளி தெரிய வேண்டும். வட்டத்தின் ஓரம் பிசிறாக இருந்தால் படிவு இன்னும் இருக்கிறது. துளைக்குள் கடினமான கம்பி, ஊசி எதையும் நுழைக்கக் கூடாது. பித்தளை மெத்தென்றது. 0.40 என்பது 0.44 ஆகிவிட்டால் பரப்பு 21 சதவீதம் கூடிவிடும், பெட்ரோலும் அதற்கேற்ப அதிகம் குடிக்கும். மென்மையான செம்புக் கம்பியின் ஒற்றை இழைதான் எல்லை. முரண்டு பிடித்தால் ஊறவைக்கலாம், அல்லது அல்ட்ராசோனிக் தொட்டியில் போடலாம். அங்கே நொடிக்கு 40,000 அதிர்வுகளில் உண்டாகி உடையும் நுண்குமிழிகள், கம்பி போகாத மூலையிலும் சுரண்டும். அதற்கும் மசியாத ஜெட்டை மாற்றிவிடலாம், விலை ஒன்றும் பெரிதில்லை.

பூட்டியதும் ஸ்டார்ட் செய்யும் முன் ஆயில் அளவுக்கம்பியை எடுத்து முகர வேண்டும். ஃப்ளோட் ஊசி பிசினில் ஒட்டித் திறந்தே நின்றிருந்தால், பெட்ரோல் சிலிண்டர் வழியாக ஆயிலுக்குள் இறங்கியிருக்கும். மட்டம் ஏறி, பெட்ரோல் வாடையும் அடித்தால் ஆயிலை மாற்றாமல் இன்ஜினைத் தொடக் கூடாது. டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலையும் வடித்துவிட வேண்டும், இல்லையென்றால் செய்த வேலை வீண்.

அடுத்த நவம்பருக்கு என்ன செய்வது என்பதில் இரண்டு கட்சி. பெட்ரோல் கெடுவதைத் தள்ளிப்போடும் ஸ்டெபிலைசரை ஊற்றி டேங்கை நிரப்பி, அது கிண்ணம் வரை போய்ச் சேரும்படி இன்ஜினைச் சற்று ஓடவிட்டு அப்படியே மூடச் சொல்கிறது ஒரு கட்சி. சொட்டு விடாமல் வடிக்கச் சொல்கிறது மற்றது. அதற்கு எதிர்வாதம், ரப்பர் காய்ந்து சுருங்கும் என்பது. என் ஓட்டு இரண்டுக்கும் நடுவில். டேங்கை நிரப்பினால் உள்ளே காற்றுக்கும் ஈரத்துக்கும் இடமில்லை, அங்கே ஸ்டெபிலைசர் போடுவதில் அர்த்தம் இருக்கிறது. கிண்ணத்தில் இருப்பதோ கொஞ்சம் பெட்ரோல், அதன் தலைக்கு மேல் எப்போதும் காற்று. அதைக் காப்பாற்ற முயல்வதைவிட டேப்பை மூடி, அடித்திருகைத் திறந்து வடித்துவிடுவது லேசு. ரப்பர் வளையம் சுருங்கினால் புதிது போட்டுக்கொள்ளலாம்.