தன் கதவைத் தானே சாத்தும் தண்ணீர்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் வீட்டுக் கழிப்பறையை யாரும் பயன்படுத்தாத நேரத்திலும், குறிப்பாக நள்ளிரவில், ஃப்ளஷ் டேங்கில் தண்ணீர் சில நொடிகள் சீறி விழுந்து பிறகு தானாகவே நின்றுவிடுகிறது. ஏறத்தாழ அரை மணி நேரத்துக்கு ஒருமுறை இப்படி நடக்கிறது. வீட்டில் பெரியவர்கள் அஞ்சுகிறார்கள். காரணம் என்ன? நாமே சரிசெய்துகொள்ள முடியுமா?"

முடியும். காரணம் தெரியாத ஓசைக்கு அஞ்சுவது மனித இயல்பு என்பதால் அந்தப் பெரியவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால், தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தால் பத்து நிமிடத்தில் விலகிவிடக்கூடிய ஓர் அச்சத்தைப் பரிகாரம் செய்து போக்கிக்கொள்ள நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. எனவே மூடியைத் தூக்குவோம்.

உள்ளே தண்ணீருக்கு இரண்டே வாசல்கள்தாம் உண்டு. ஒன்று, நீர் உள்ளே வரும் மிதவை வால்வு. மற்றொன்று, தொட்டியின் அடியில் இருந்து நீரைப் பீங்கானுக்குள் விடும் ரப்பர் மூடி. இவை தவிர, மேல்வாய் திறந்தபடி நிற்கும் ஓவர்ஃப்ளோ குழாய் ஒன்று இருக்கும். நீர்மட்டம் எல்லை மீறினால் தரையில் கொட்டாமல் பீங்கானுக்குள் இறக்கிவிடுவதே அதன் வேலை. தண்ணீர் ஓயாமல் ஓடுகிறது என்றால், அந்த இரண்டு வாசல்களில் ஒன்று சரியாகச் சாத்தவில்லை என்று பொருள்.

மிதவையைக் கொண்டு நீர்வரத்தைக் கட்டுப்படுத்தும் எண்ணம் மிகப் பழையது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த டெசிபியஸ், தம்முடைய நீர்க்கடிகாரத்தில் மட்டம் மாறாமல் இருக்க மிதவை ஒன்றைப் பயன்படுத்தினார் என்றும், மனிதர் செய்த பின்னூட்டக் கருவிகளில், அதாவது தன் விளைவைக் கொண்டே தன்னைத் திருத்திக்கொள்ளும் கருவிகளில், அறியப்பட்டவற்றுள் அதுவே முதலாவது என்றும் கருதப்படுகிறது. நீராவி எஞ்சினின் வேகத்தைத் தானே சீராக்கிக்கொள்ளும் அமைப்பை ஜேம்ஸ் வாட் 1788இல் பொருத்துவதற்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, "மட்டம் உயர்ந்தால் வரத்தைக் குறை, தாழ்ந்தால் கூட்டு" என்ற கட்டளையை ஒரு மிதவை பேச்சின்றி நிறைவேற்றிக்கொண்டிருந்தது.

பழைய தொட்டிகளில் நீண்ட கம்பியின் நுனியில் ஒரு பந்து மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பந்து ஏன் அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்ப்போம். மேல்நிலைத் தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால், குழாயில் நீரின் அழுத்தம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுதலாக இருக்கும். வால்வின் வாய் 8 மில்லிமீட்டர் விட்டம் கொண்டதானால், அதை அடைத்துப் பிடிக்க ஏறத்தாழ அரை கிலோ எடைக்குச் சமமான விசை தேவை. கம்பி நெம்புகோலாக இருந்து விசையைப் பத்து மடங்காக்கினால், பந்துக்கு 50 கிராம் மிதப்பு விசை போதும். ஆனால் குழாயின் அழுத்தம் நான்கு மடங்கானால் அதுவும் 200 கிராம் ஆகிவிடும். எனவேதான் நீண்ட கம்பியும் பெரிய பந்தும்.

இன்றைய தொட்டிகள் பலவற்றில் அந்தக் கம்பியும் இல்லை, பந்தும் இல்லை. குழாயோடு ஒட்டி ஏறி இறங்கும் சிறிய கிண்ணம் ஒன்றுதான் மிதவை. அவ்வளவு சிறியது அதே அழுத்தத்தை எப்படித் தடுக்கிறது? அது தடுப்பதே இல்லை. தண்ணீரைத் தண்ணீரே தடுக்கிறது. நான் பார்த்த எளிய பொறியமைப்புகளில் என்னை இவ்வளவு மகிழ்வித்தது வேறொன்றில்லை என்பதால் இதைச் சற்று நிதானமாகவே சொல்கிறேன்.

வால்வின் தலைப்பகுதிக்குள் காசளவில் ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது. நீர் வரும் வாயின்மீது அது படிந்திருக்கும். சவ்வுக்கு அப்பால் ஒரு சிற்றறை உண்டு. சவ்விலுள்ள ஊசித்துளை வழியாகக் குழாய் நீர் சிறிது சிறிதாக அந்த அறைக்குள் கசிந்து நிரம்பும். அறையின் கூரையில் இன்னொரு துளை இருக்கிறது. மிதவை செய்ய வேண்டிய வேலையெல்லாம் இந்தக் கூரைத்துளையை மூடுவதும் திறப்பதும் மட்டுமே. மிதவை உயர்ந்து துளையை மூடிவிட்டால் அறைக்குள் வந்த நீருக்குப் போக்கிடம் இல்லை. சில நொடிகளில் அறையின் அழுத்தம் குழாயின் அழுத்தத்துக்குச் சமமாகிவிடும். இரு பக்கமும் அழுத்தம் சமம் என்றால் சவ்வு ஏன் அசைய வேண்டும்? பரப்பு சமமில்லை என்பதுதான் விடை. வரும் நீர் சவ்வைத் தள்ளும் வாய் சிறியது. அறையிலுள்ள நீர் எதிர்த்து அழுத்தும் பரப்பு பெரியது. அழுத்தத்தைப் பரப்பால் பெருக்கினால் கிடைப்பதே விசை என்று பள்ளியில் படித்தோமே, அந்த ஒரு வரிதான் இங்கே கதவைச் சாத்துகிறது. குழாயின் அழுத்தம் எவ்வளவு கூடினாலும் சாத்தும் விசையும் அதே அளவில் கூடுகிறது. தள்ளுபவனின் பலத்தையே வாங்கி அவனைத் தடுப்பதைப் போல.

தொட்டி காலியாகி மிதவை இறங்கும்போது கூரைத்துளை திறக்கிறது. ஊசித்துளை வழியே வரும் நீரைவிட வேகமாகக் கூரைத்துளை நீரை வெளியேற்றிவிடுவதால், அறையின் அழுத்தம் சரிகிறது. வரும் நீர் சவ்வைத் தூக்கிக்கொண்டு பாய்கிறது. 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள கூரைத்துளையை மூட எவ்வளவு விசை வேண்டும் என்று பாருங்கள். 8 மில்லிமீட்டர் வாயை மூடுவதற்குத் தேவையானதில் 64இல் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 8 கிராம் எடைக்கு நிகரான விசை. சிறிய கிண்ணத்துக்கு அது எளிது. துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் நீரை விடும் மின்காந்த வால்விலும் வேலை செய்வது இதே உத்திதான்.

இந்த நுட்பம் கெடும் விதமும் வியப்பானது. சவ்விலுள்ள ஊசித்துளையை ஒரு மணல் துகள் அடைத்துவிட்டால் அறைக்குள் அழுத்தம் ஏற வழியில்லை. ஆகவே சவ்வு சாத்தாது, நீர் நிற்காது. ஒரு துளை அடைபட்டதால் கதவு திறந்தே கிடக்கிறது. மாறாக, கூரைத்துளையின் விளிம்பில் துகள் சிக்கி அது முழுவதும் மூடாமல் போனாலும் விளைவு அதுவே. மேல்நிலைத் தொட்டியைக் கழுவிய மறுநாளோ, குழாயில் பழுது பார்த்த மறுநாளோ கழிப்பறையில் தண்ணீர் நிற்காமல் ஓடத் தொடங்குவதற்குப் பெரும்பாலும் இத்தகைய ஒரு துகளே காரணம். இதற்காக முழு வால்வையும் மாற்றச் சொல்வது, கண்ணில் தூசி விழுந்தவருக்குக் கண்ணையே மாற்றச் சொல்வதற்கு ஒப்பாகும்.

அடிவாசலிலும் நீர்தான் காவல். 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள ரப்பர் மூடியின்மீது 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால், ஏறத்தாழ 390 கிராம் எடை அதை அழுத்திப் பிடிக்கிறது. நாம் ஒருமுறை இழுத்துத் தூக்கிவிட்டால் மூடிக்கு அடியிலும் நீர் புகுந்து, அழுத்த வேறுபாடு மறைந்துபோகிறது. உள்ளே காற்றுள்ள மூடி மிதக்கத் தொடங்கி, நீர் இறங்கும்வரை தானே திறந்து நிற்கிறது. இந்த ரப்பர் நாளடைவில் விறைத்தோ வளைந்தோ போகலாம். அது படியும் விளிம்பில் கடின நீரின் சுண்ணாம்புப் படிவு சேரலாம். தொட்டிக்குள் போடும் குளோரின் மாத்திரைகள் ரப்பரை விரைவாகக் கெடுக்கும் என்பதால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. கடின நீரையும் குளோரினையும் நெடுங்காலம் தாங்கும் ரப்பரை உருவாக்கும் ஆய்வு விண்வெளி ஆய்வைப் போல எவரையும் அண்ணாந்து பார்க்க வைக்காதுதான். ஆயினும் வீடுதோறும் நீரைக் காக்கும் அத்தகைய ஆய்வுகளுக்கு இன்னும் தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பழுது எந்த வாசலில் என்று கண்டறிய ஒரு பென்சில் போதும். தொட்டி நிரம்பியதும் தொட்டிக்கு வரும் நீரை நிறுத்தும், சுவரிலுள்ள ஆங்கிள் வால்வை மூடிவிட்டு, நீர்மட்டத்தில் கோடு கிழித்து, அரை மணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் விட்டுப் பாருங்கள். மட்டம் ஓவர்ஃப்ளோ குழாயின் விளிம்போடு நின்றுவிட்டால் அடிமூடி நலமாக இருக்கிறது. குற்றம் மிதவை வால்வில். அந்த விளிம்புக்கும் கீழே மட்டம் இறங்கினால், அல்லது கோடே விளிம்புக்குக் கீழே இருந்து மட்டம் கோட்டையும் விட்டு இறங்கினால், அடிமூடி கசிகிறது. ஐயமிருந்தால், தொட்டி நீரில் சில துளி உணவு நிறமியைக் கலந்து வையுங்கள்; ஃப்ளஷ் செய்யாமலேயே பீங்கானில் நிறம் தெரிந்தால் அடிமூடியின் கசிவு உறுதி.

மிதவை வால்வில் குற்றமென்றால், முதலில் மிதவையின் உயரத்தைப் பாருங்கள். நீர்மட்டம் ஓவர்ஃப்ளோ விளிம்புக்கு 2 அல்லது 3 சென்டிமீட்டர் கீழே நிற்குமாறு அதன் திருகையோ கொக்கியையோ சரிசெய்தால் பல வீடுகளில் பிரச்சினை அத்துடன் தீர்ந்துவிடும். தீராவிட்டால், ஆங்கிள் வால்வை மூடி, மிதவை வால்வின் தலைமூடியை மெல்லத் திருகிக் கழற்றி, சவ்வை எடுத்துக் கழுவுங்கள். திறந்த வாயின்மேல் ஒரு குவளையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு ஆங்கிள் வால்வைச் சில நொடிகள் திறந்தால் குழாயில் தங்கிய துகள்கள் அடித்துக்கொண்டு வெளியே வரும். குவளையை மறந்தால் நீர் கூரைவரை பீறிட்டு அடிக்கும் என்பதை நினைவில் வையுங்கள். சவ்வு கிழிந்திருந்தால் அதை மட்டும் புதிதாக மாற்றலாம்.

கேள்வி கேட்ட வாசகரின் வீட்டில் கசிவது அடிமூடியே. நீர் ஓயாமல் ஓடாமல் இடைவிட்டுச் சீறுவதே அதற்குச் சான்று. மூடி துளித்துளியாகக் கசியும்போது மட்டம் மெல்ல இறங்குகிறது; ஆனால் சவ்வு வால்வு உடனே திறப்பதில்லை. மட்டம் ஓரிரு சென்டிமீட்டர் தாழ்ந்து கூரைத்துளை திறந்த பிறகே அது விழித்துக்கொண்டு, இழந்ததை நிரப்பிவிட்டு மீண்டும் சாத்திக்கொள்கிறது. பகலிலும் இது நடக்கத்தான் செய்கிறது. வீடு அடங்கிய பிறகுதான் நம் காதில் விழுகிறது. தொட்டி 40 சென்டிமீட்டர் நீளமும் 15 சென்டிமீட்டர் அகலமும் கொண்டதென்றும், ஒவ்வொரு முறையும் 2 சென்டிமீட்டர் இறங்குகிறதென்றும் வைத்துக்கொண்டால், ஒருமுறை நிரம்புவது 1.2 லிட்டர். அரை மணிக்கு ஒருமுறை என்றால் நாளுக்கு 48 முறை, ஏறத்தாழ 58 லிட்டர்.

அவர் செய்ய வேண்டியது இதுதான்: ஆங்கிள் வால்வை மூடித் தொட்டியைக் காலிசெய்து, அடிமூடியையோ, பொத்தான் அமுக்கும் வகையானால் நடுத்தண்டின் அடியிலுள்ள சிலிக்கோன் வளையத்தையோ கழற்றிப் பார்க்க வேண்டும். அது படியும் விளிம்பில் விரலை ஓட்டினால் சொரசொரப்பு தெரியும். வினிகரில் நனைத்த துணியை அங்கே சற்று நேரம் வைத்திருந்தால் சுண்ணாம்பு கரைந்து இளகிவிடும். ரப்பர் விறைத்திருந்தால் அதே அளவில் புதியது வாங்கிப் போட வேண்டும். மூடியை இழுக்கும் சங்கிலி இருந்தால், மூடி படிந்த நிலையில் அது சிறிதளவு தளர்ந்திருக்க வேண்டும். பிறகு பென்சில் கோடு கிழித்துவிட்டு, அரை மணி கழித்து அந்தப் பெரியவர்களையே அழைத்துக் கோட்டைப் பார்க்கச் சொல்லலாம்.