ஆம்ப்ளிஃபயர்: ஒலிபெருக்கி அல்ல, மிகைப்பி

‘இரண்டு ஒலிபெருக்கிகளை ஓர் இணை ஒலிபெருக்கிகளோடு பொருத்தும் முறை.’ ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் ஒரே சொல்லைப் போட்டு இப்படித்தான் மொழிபெயர்க்கிறார்கள். எதை எதோடு பொருத்துவது?

ஆம்ப்ளிஃபயரின் மூலம் லத்தீன். பெரிதாக்குவது என்று பொருள். ஒலி அந்தச் சொல்லில் இல்லை, கருவியிலும் இல்லை. உள்ளே போவது மின்குறிகை (சிக்னல்), வெளியே வருவதும் மின்குறிகை. ஸ்பீக்கரின் கூம்பு அசையும்போதுதான் ஒலி பிறக்கிறது. ஸ்பீக்கரும் எதையும் பெருக்குவதில்லைதான். ஆனால் ‘ஒலிபெருக்கி’ அதற்கு நிலைத்துவிட்டது, இருக்கட்டும்.

வெறும் ‘பெருக்கி’ போதாதா? கணக்கில் பெருக்கும் எண்ணுக்கும் அதே பெயர். போதாக்குறைக்கு, ஒலிபெருக்கியின் சுருக்கம் என்றே படிப்பார்கள். ‘மிகைப்பி’தான் தெளிவு. மிகை என்றால் வேண்டாத கூடுதல், நன்னூலே ‘மிகைபடக் கூறல்’ குற்றம் என்கிறதே என்பார்கள். வேர் ‘மிகு’. ‘வல்லினம் மிகும்’ என்பதில் என்ன குற்றம்?

இந்தக் குழப்பம் கருவியையே எரிக்கும். 4 ஓம் சுமையைத் தாங்கும் மிகைப்பிக்கு இரண்டு 8 ஓம் ஒலிபெருக்கிகளைப் பக்க இணைப்பில் (பேரலல்) கொடுக்கலாம். தலைகீழாக, ஓர் ஒலிபெருக்கிக்கு இரண்டு மிகைப்பிகளை அப்படிக் கொடுக்கவே கூடாது. மிகைப்பியின் வெளியீட்டு மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) பெரும்பாலும் ஓர் ஓமுக்கும் மிகக் குறைவு. ஒன்றின் மின்னோட்டம் ஒலிபெருக்கியை விட்டு மற்றதன் வெளியீட்டுக்குள் பாயும், டிரான்சிஸ்டர்கள் கருகும். ஒன்றை அணைத்து வைத்தாலும் ஆபத்து நீங்காது.

ஓர் இணை ஒலிபெருக்கிகளை இரண்டு மிகைப்பிகளோடு மாற்றி மாற்றிப் பயன்படுத்த, நடுவில் தேர்வு சுவிட்ச் வேண்டும். இடம், வலம் இரண்டின் நேர், எதிர் என நான்கு கம்பிகளையும் அது மாற்ற வேண்டும்; பழைய தொடர்பை அறுத்த பிறகே புதியதைத் தொட வேண்டும். எதிர்முனைகளை ஒன்றாகக் கட்டக் கூடாது: பிரிட்ஜ் முறை மிகைப்பியில் அந்த முனை தரை (கிரவுண்ட்) அல்ல, அதிலும் குறிகை ஓடும். வால்வு (வெற்றிடக் குழாய்) மிகைப்பியானால், ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய நேரத்தில் தக்க வாட் தாங்கும் 8 ஓம் மின்தடை ஒன்று சுமையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் கெடலாம்.

இந்தத் தேர்வு சுவிட்ச் பெட்டிக்கும் ‘ஒலிபெருக்கித் தேர்வி’ என்றே எழுதுகிறார்கள். அது வேறு பெட்டி: ஒரு மிகைப்பியிலிருந்து பல ஒலிபெருக்கிகளுக்குப் பிரிப்பது. அவற்றில் பலவற்றில் இரண்டு பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்தலாம். அதைத் திருப்பி மாட்டி இரண்டையும் அழுத்தினால் இரு மிகைப்பிகளும் நேருக்கு நேர் இணைந்துவிடும். இங்கே வேண்டியது மிகைப்பித் தேர்வி.